மேனேஜர் யார், சோட்டோ யாருக்கு? 2023 குளிர்காலத்தில் பாட்ரேஸ் முன் இருந்த வழிகள்

2023 சீசனில் அமெரிக்காவின் சான் டியேகோ பாட்ரேஸ் பேஸ்பால் அணி 752 ரன் எடுத்தது, 648 ரன் விட்டது. 162 ஆட்டங்களில் 104 ரன் உபரி. பேஸ்பால் கணக்குப் பார்க்கிறவர்களிடம் இந்த இரண்டு எண்களை மட்டும் காட்டினால், “92 அல்லது 93 ஆட்டம் ஜெயித்திருப்பார்கள், பிளேஆஃப் நிச்சயம்” என்று சொல்லிவிடுவார்கள். ஜெயித்தது 82. தோற்றது 80. பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள், அதன் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

ஓட்டை எங்கே என்று தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். ஒரே ஒரு ரன்னில் முடிந்த 32 ஆட்டங்களில் 9-ல்தான் வெற்றி. ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் கூடுதல் இன்னிங்ஸ் வரை போன ஆட்டங்கள் 14. அவற்றில் முதல் 12-லும் தோல்வி. கடைசி இரண்டை ஜெயிப்பதற்குள் சீசனே முடியப் போகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், சம்பளப் பட்டியலில் அந்த அணி மேஜர் லீக் என்ற உச்ச லீகிலேயே மூன்றாவது. ஏறத்தாழ 25 கோடி டாலர். மச்சாடோ, டாட்டிஸ், போகார்ட்ஸ், சோட்டோ என்று நான்கு பெரிய பெயர்கள் ஒரே வரிசையில். பந்துவீச்சிலோ அந்த வருஷம் அவர்களை மிஞ்ச அநேகமாக ஆள் இல்லை.

இப்படித் தோற்ற அணிக்கு அந்தக் குளிர்காலத்தில் இரண்டு கேள்விகள் வந்து நின்றன. மேனேஜராக யாரை வைப்பது? ஹுவான் சோட்டோவை வைத்துக்கொள்வதா, கைமாற்றி விடுவதா? ஊரே முதல் கேள்வியைத்தான் அதிகம் பேசியது. எனக்கு இரண்டாவதுதான் பெரியதாகப் பட்டது, இன்றும் அப்படித்தான். ஏன் என்று சொல்வதற்குமுன் இந்த விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை.

கிரிக்கெட்டில் டீம் மேனேஜர் என்றால் ஹோட்டல் அறை, பஸ், பயண டிக்கெட் பார்க்கிறவர் என்று நினைப்போம். பேஸ்பால் மேனேஜர் வேறு ஆள். கேப்டனும் கோச்சும் ஒருவரே என்று வைத்துக்கொள்ளுங்கள். வீரர்களைப் போலவே சீருடை மாட்டிக்கொண்டு டக்அவுட்டில் நிற்பார். யார் எந்த வரிசையில் ஆடுவது, களைத்துப்போன பிட்சரை (பந்து வீசுகிறவரை) எப்போது வெளியே எடுப்பது, அவருக்குப் பதில் யாரை அனுப்புவது எல்லாம் அவர் முடிவு. ஆனால் யாரை வாங்குவது, யாரை விடுவது அவர் கையில் இல்லை. அது மாடியில் உட்கார்ந்திருக்கும் ஜெனரல் மேனேஜர் வேலை. கொடுத்த காய்கறியை வைத்துச் சமைக்கிறவர் இவர், சந்தைக்குப் போகிறவர் அவர். பாட்ரேஸில் 2014 ஆகஸ்டிலிருந்து சந்தைக்குப் போகிறவர் ஏ.ஜே. பிரெல்லர். பார்க்கிற கத்தரிக்காயை எல்லாம் வாங்குகிற ரகம்.

இந்த வாங்கல் விற்றலில் வீரரிடம் பெரும்பாலும் சம்மதம்கூடக் கேட்பதில்லை. காலையில் ஒரு ஊர், மாலையில் இன்னொரு ஊர். மேஜர் லீகில் ஆறு வருஷம் முடித்த பிறகுதான் ஒரு வீரர் ஒப்பந்தம் முடிந்து தன் இஷ்டத்துக்கு அணி தேட முடியும். சோட்டோவுக்கு அந்த ஆறாவது வருஷம் 2024. அதாவது பாட்ரேஸ் கையில் இருந்தது இன்னும் ஒரே ஒரு சீசன்.

முதலில் மேனேஜர் கதை. பாப் மெல்வின் சாதாரண ஆள் இல்லை. மூன்று முறை ‘மேனேஜர் ஆஃப் த இயர்’ வாங்கியவர். ஓக்லாந்திலிருந்து வந்து முதல் வருஷமே, 2022-ல், 111 ஆட்டம் ஜெயித்த லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸை பிளேஆஃபில் மூன்றுக்கு ஒன்று என்று வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் மேலே சொன்ன சோகம். அவருக்கும் பிரெல்லருக்கும் ஒத்துப்போகவில்லை என்று செப்டம்பரிலேயே செய்தி கசிந்தது. அக்டோபர் தொடக்கத்தில் பிரெல்லர் மேடை போட்டு, மெல்வின்தான் அடுத்த வருஷமும் என்றார். அந்த மாதம் முடிவதற்குள், இன்னும் ஒரு வருஷ ஒப்பந்தம் பாக்கி இருந்த அதே மெல்வின், அதே பிரிவில் எதிர் அணியான சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு மேனேஜர். போய் வாருங்கள் என்று விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் சமையல்காரரை நாமே அனுப்பிவைத்த கதை.

காலியான நாற்காலிக்குப் பல பேர் அடிபட்டன. பில் நெவின் பாட்ரேஸில் ஆடிய பழைய ஆள், ஏஞ்சல்ஸில் மேனேஜராக இருந்து அப்போதுதான் வேலையை இழந்திருந்தார். நியூயார்க் யாங்கீஸின் பெஞ்ச் கோச் கார்லோஸ் மெண்டோசாவை இவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதே ஊரின் இன்னொரு அணியான மெட்ஸ் கொத்திக்கொண்டு போய்விட்டது. இவர்களைத் தாண்டி, உண்மையிலேயே எடைபோட வேண்டியவர்கள் மூன்று பேர்.

பென்ஜி கில்லின் பெயர் எனக்குக் கொஞ்சம் ஆசையாகவே இருந்தது. அந்த வருஷ மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் மெக்சிகோ அணியை அரையிறுதி வரை கொண்டுபோனவர். ஜப்பானிடம் 5-6 என்று கடைசி அடியில் தோற்றார்கள். சான் டியேகோ நகர மையத்தில் டிராம் ஏறினால் மெக்சிகோ எல்லையிலேயே இறக்கிவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் டிஹுவானா. மைதானத்துக்கு வருகிறவர்களில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் ஏராளம். அந்த ஊருக்கு அந்த மனிதர் என்றால் பொருத்தம் தானாகவே தெரியும். ஆனால் மேஜர் லீகில் மேனேஜராக ஒரு ஆட்டம்கூட நடத்தியதில்லை. வெளியிலிருந்து வேறு வருகிறார். பிரெல்லரோடு எப்படி ஒத்துப்போவார் என்று யாருக்கும் தெரியாது.

ரயன் ஃப்ளாஹர்ட்டி இதற்கு நேர் எதிர். வீட்டுப் பிள்ளை. 37 வயது, மெல்வினுக்குப் பக்கத்தில் நின்ற கோச். பால்டிமோரில் மேனி மச்சாடோவோடு சேர்ந்து ஆடியவர். 35 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருக்கிற நட்சத்திரம் ஒருவரிடம் போய், “தம்பி, அந்தப் பந்துக்கு நீ ஓடவே இல்லையே” என்று சொல்ல முடிகிற உறவு எத்தனை பேருக்கு வாய்க்கும்? வீரர்களின் ஆதரவு இவருக்குத்தான் என்று பேச்சு. ஆனால் இவரும் முதல் தடவை மேனேஜர்.

இந்த ‘முதல் தடவை’ விஷயத்தில் பிரெல்லருக்கு ஏற்கெனவே சூடுபட்டிருந்தது. இடையில் தற்காலிகமாக வந்துபோனவர்களை விட்டுவிட்டால், மெல்வினுக்கு முன் அவர் தேர்ந்தெடுத்த இருவருமே புதுமுகங்கள். ஆண்டி கிரீன் 2016 முதல் 2019 வரை இருந்தார், ஒரு சீசன்கூடப் பாதிக்கு மேல் ஜெயிக்கவில்லை. ஜேஸ் டிங்லர் கோவிட் வருஷத்துக் குட்டி சீசனில் ஜொலித்தார், அடுத்த வருஷமே அணி சரிந்தது, ஆளை மாற்றினார்கள். அதன் பிறகு பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள், அவரோடு சண்டை. சின்னவரும் சரிப்படவில்லை, பெரியவரும் சரிப்படவில்லை. (இந்தப் பட்டியலில் ஒரு வேதனையான கிளைக்கதை உண்டு. 2015 ஜூனில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆட்டத்துக்கு, டேவ் ராபர்ட்ஸ் என்ற கோச் பாட்ரேஸை நடத்தினார். தோற்றார்கள். அடுத்த நாள் வேறு ஒருவரைப் போட்டார்கள். ராபர்ட்ஸ் டாட்ஜர்ஸுக்குப் போய், உலகத் தொடர் என்ற இறுதித் தொடரின் கோப்பைகளாக வாங்கிக் குவித்துக்கொண்டிருக்கிறார்.)

மூன்றாமவர் மைக் ஷில்ட். தொழில்முறையில் ஒரு பந்துகூட ஆடாதவர்; மேனேஜர்களில் இது அபூர்வம். அம்மா, மேஜர் லீகுக்குக் கீழே உள்ள சின்ன லீக் அணி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்ததால் சிறுவயதிலேயே மைதானம்தான் வீடு. கல்லூரிக் கோச், அப்புறம் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் ஆள் தேடும் ஸ்கவுட், சின்ன லீக் மேனேஜர் என்று படிப்படியாக ஏறி, 2018-ல் அந்த அணியின் மேனேஜர் ஆனார். 252 வெற்றி, 199 தோல்வி. 2019-ல் மேனேஜர் ஆஃப் த இயர். 2021 செப்டம்பரில் தொடர்ச்சியாக 17 ஆட்டம் ஜெயித்து அணியை பிளேஆஃபுக்குள் இழுத்துவந்தார். அங்கே ஒற்றை ஆட்டத்தில் டாட்ஜர்ஸிடம் கடைசி அடியில் தோல்வி. எட்டு நாள் கழித்து வேலை போயிற்று. காரணம் ‘கருத்து வேறுபாடு’ என்றார்கள். அவ்வளவுதான். பிறகு பாட்ரேஸுக்கு வந்து, இளம் வீரர்களை வளர்க்கும் பிரிவில் இரண்டு வருஷமாகச் சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஷில்ட்டுக்கு ஒரு வசதி தெரியும். மெல்வினிடம் இருந்த அனுபவம் இவரிடமும் உண்டு. மெல்வினிடம் இல்லாத ஒன்று, பிரெல்லரோடு இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருந்த பழக்கம், அதுவும் உண்டு. ஃப்ளாஹர்ட்டியிடம் பின்னது இருந்தது, முன்னது இல்லை. கில்லிடம் இரண்டுமே இல்லை. பிரெல்லர் இருக்கிற வரை எந்த மேனேஜருக்கும் அவரோடு குப்பை கொட்டத் தெரிய வேண்டும். நல்ல மேனேஜர் யார் என்பதைவிட, இவரோடு யாரால் காலம் தள்ள முடியும் என்பதுதான் அங்கே கேள்வி.

ஷில்ட்டிடம் எனக்கு ஒரு தயக்கமும் இருந்தது. செயின்ட் லூயிஸில் அவர் நடத்தியது கட்டுப்பாடான, பழைய பள்ளிக்கூடம் மாதிரியான அணி. சின்னச் சின்ன விஷயங்களில் கறார். சான் டியேகோ அறையில் இருப்பவர்களோ கோடிகளில் ஒப்பந்தம் போட்டவர்கள். வாத்தியார் பிரம்பை எடுத்தால் மாணவர்கள் வகுப்பைவிட்டுப் போய்விடும் இடம்.

ஆனாலும் இந்தத் தேர்வுக்கு ஊர் கொடுத்த அளவு கனத்தை நான் கொடுக்கவில்லை. 9-23 என்ற அந்த ஒரு ரன் கணக்குதான் காரணம். அதை மெல்வின் தலையில் கட்டிவிடுவது எளிது: பிட்சரைத் தப்பான நேரத்தில் மாற்றினார், நட்சத்திரங்களைத் தட்டிக் கேட்கவில்லை. கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு ரன் ஆட்டங்களில் பெரும் பங்கு நாணயத்தைச் சுண்டிவிடுவது மாதிரிதான். ஒரு வருஷம் இப்படி விழும், அடுத்த வருஷம் பக்கம் மாறும். மெல்வினையே வைத்திருந்தாலும் அது நிமிர்ந்திருக்கும். தானாகவே ஆற இருந்த புண்ணுக்கு எந்த டாக்டர் என்று ஏறத்தாழ நான்கு வாரம் பேசினார்கள். தானாக ஆறாத புண் ஒன்று இருந்தது; அதற்கு மேனேஜர் மருந்து இல்லை.

அந்தப் புண் பந்துவீச்சு. நான் மேலே ‘மிஞ்ச அநேகமாக ஆள் இல்லை’ என்று சொன்ன அதே பந்துவீச்சு. பிளேக் ஸ்னெல் அந்த வருஷம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். சேத் லூகோ, மைக்கேல் வாக்கா, நிக் மார்ட்டினஸ் மூவரும் நம்பகமானவர்கள். கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுக்க ஜோஷ் ஹேடர். இந்த ஐந்து பேருமே அந்தக் குளிர்காலத்தில் அணியைவிட்டுப் போகும் நிலை. ஒரு சீசனில் ஒரு அணி வீச வேண்டியது சுமார் 1,450 இன்னிங்ஸ். இந்த ஐவர் வீசியது 600-க்கு மேல். பத்து குடம் தண்ணீர் வேண்டிய வீட்டில் நான்கு குடம் காணாமல் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்கள் மஸ்கிரோவும் டார்விஷும். முன்னவர் தோள்பட்டை, பின்னவர் முழங்கை என்று இருவரும் பிரச்சினையோடு சீசனை முடித்திருந்தார்கள்.

காசு கொடுத்து வாங்கலாமே என்றால், காசு? உள்ளூர் டிவி ஒளிபரப்பை வைத்திருந்த கம்பெனி மே மாதம் பணம் கட்டாமல் கைவிரிக்க, லீகே ஒளிபரப்பை எடுத்து நடத்தியது. செப்டம்பரில் உடனடிச் செலவுக்கு சுமார் 5 கோடி டாலர் கடன் வாங்கினார்கள் என்று நவம்பரில் செய்தி வந்தது. லீக் வைத்த சம்பள வரம்பை மூன்று வருஷமாகத் தாண்டிக்கொண்டே இருந்ததால் 2023-க்கு மட்டும் வரி 3.97 கோடி டாலர்; ஒரு வருஷம் வரம்புக்குள் அடங்கினால்தான் அந்த வரி விகிதம் மறுபடி கீழே இறங்கும். அடுத்த வருஷம் மொத்தச் சம்பளத்தை 20 கோடி டாலர் பக்கம் இறக்கப் போகிறார்கள் என்பதுதான் அப்போது எல்லோர் வாயிலும்.

நவம்பர் 14-ல் அணியின் உரிமையாளர் பீட்டர் சைட்லர் 63 வயதில் இறந்துபோனார். சின்ன ஊர், சின்ன டிவி சந்தை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ளாமல், ஊருக்கு ஒரு கோப்பை வேண்டும் என்று செலவழித்த மனிதர். அமெரிக்கக் கால்பந்து அணி சார்ஜர்ஸ் 2017-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டிய பிறகு, சான் டியேகோவுக்குப் பெரிய லீக் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது பாட்ரேஸ்தான். அந்த அணிக்கோ 1969-லிருந்து இன்றுவரை ஒரு கோப்பையும் கிடையாது. 2023-ல் 32 லட்சம் பேருக்கு மேல் மைதானத்துக்கு வந்தார்கள். இதை எல்லாம் தெரிந்துகொண்டு சோட்டோ கேள்விக்கு வருவோம்.

சோட்டோ ஆடுவதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு காட்சி. பிட்சர் எறிகிறார். பந்து, அடிக்கத் தக்க எல்லைக்கு ஒரு அங்குலம் வெளியே போகிறது. மற்றவர்கள் மட்டையை வீசிவிடுவார்கள். இவர் வீசமாட்டார். கேட்சர் கையுறைக்குள் பந்து விழும்வரை அதையே பார்த்துக்கொண்டு, காலை அகட்டி, மண்ணை ஒரு தேய் தேய்த்து, பிட்சரை முறைத்துத் தலையாட்டுவார். ‘இதுக்கெல்லாம் நான் ஏமாறுவேனா?’ என்று கேட்கிற தலையாட்டு. நாலு பந்து அப்படிப் போனால் முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம். 2023-ல் 132 தடவை அப்படி நடந்தார், மேஜர் லீகிலேயே அதிகம். 162 ஆட்டத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. நம் சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன் 35. நூறு தடவை மட்டை பிடிக்க வந்தால் 41 தடவை அவுட்டாகாமல் பேஸில் நிற்கிறார். வயது 25. இப்படி ஒருவரை விற்பதா என்று கேட்டால் யாருக்கும் வயிறு எரியும்.

அதிலும், 2022 ஆகஸ்டில் அவரை வாங்கக் கொடுத்த விலை நினைவுக்கு வந்தால் இன்னும் எரியும். அப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட் என்று தலைமுறைக்கே ஆகிற இளசுகளை, சோட்டோ அதுவரை ஆடிய வாஷிங்டன் அணிக்கு அள்ளிக் கொடுத்தார் பிரெல்லர். ‘இவ்வளவு கொடுத்து வாங்கியதை ஒன்றரை வருஷத்தில் விடுவதா?’ என்ற கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கொடுத்தது போயாயிற்று, சோட்டோவை வைத்திருந்தாலும் வுட் திரும்பி வரப்போவதில்லை. எடைபோட வேண்டியது இனி என்ன கிடைக்கும் என்பதை மட்டும்தான்.

வழி ஒன்று, நீண்ட ஒப்பந்தம். இதை நிமிஷத்தில் தள்ளிவிடலாம். வாஷிங்டன் கொடுக்க முன்வந்த 15 வருஷம், 44 கோடி டாலரையே வேண்டாம் என்றவர். ஏஜென்ட் ஸ்காட் போராஸ். சந்தைக்கே போகாமல் தன் ஆளை மலிவாகக் கையெழுத்து போடவிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கடன் வாங்கிச் செலவைச் சமாளிக்கிற அணிக்கு இது கனவு.

வழி இரண்டு, 2024 முழுக்க வைத்துக்கொண்டு ஆடி, போகிறபோது விடை கொடுப்பது. ரசிகனாக இருந்தால் இதைத்தான் சொல்வேன். ஆனால் அவருக்கு மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் சம்பளம் வரும். 20 கோடிக்குள் அடங்க நினைக்கிற அணியில் ஆறில் ஒரு பங்குக்கு நெருக்கம். மிச்சத்தில் மூன்று, நான்கு பிட்சர்களை எங்கே தேடுவது? அவர் போன பிறகு கிடைப்பதோ ட்ராஃப்டில், அதாவது புது இளைஞர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் ஏற்பாட்டில், ஒரு கூடுதல் இடம். வரி கட்டும் அணி என்றால் அதுவும் நாலாம் சுற்றுக்குப் பிறகு. லாட்டரிச் சீட்டுகூட இல்லை, சீட்டின் அடிக்கட்டை.

வழி மூன்று, ஜூலை வரை வைத்துப் பார்த்துவிட்டு, அணி சரியில்லை என்றால் அப்போது விற்பது. கேட்கப் புத்திசாலித்தனமாக இருக்கும். ஆனால் நடுவில் வாங்குகிற அணிக்கு அவர் இரண்டு மாதமும் பிளேஆஃபும்தான். அதோடு சீசன் நடுவில் கைமாறிய வீரர் போனால் வாங்கிய அணிக்கு அந்த ட்ராஃப்ட் இடமும் கிடையாது. அதனால் விலை சரியும். அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தால் விற்கவும் மனசு வராது. கடைசியில் வழி இரண்டிலேயே போய் முடியும்.

வேறு யாரையாவது விற்றுச் செலவைக் குறைக்கலாமே? மச்சாடோவும் போகார்ட்ஸும் நாற்பது வயது வரை ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள். அந்தச் சுமையை முழுசாகத் தலையில் ஏற்றிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். கொரியாவின் கிம் ஹா-சாங்கைக் கேட்க ஆள் இருந்தது, ஆனால் அவர் சம்பளம் சோட்டோவுக்கு வரப்போவதில் சுமார் கால்வாசி. மலிவாக நன்றாக ஆடுகிறவரை விற்றால் மிச்சமாவது என்ன? விற்றால் விலை வரக்கூடியவர், விற்றால் பணம் மிஞ்சக்கூடியவர், எப்படியும் ஒரு வருஷத்தில் போகப் போகிறவர், மூன்றும் ஒரே ஆளாக இருந்தது சோட்டோ மட்டும்தான்.

ஆக, உடனே விற்பது. அப்புறம் யாருக்கு, எதற்கு என்பதுதான் கேள்வி. டொராண்டோவின் பேர் அடிபட்டது. யாங்கீஸ் தீவிரமாக இருந்தார்கள், சோட்டோ மாதிரி இடது கை பேட்டர் அவர்களுக்கு உயிர்த் தேவை. பாட்ரேஸ் கேட்டது பெரிய பெயர் இல்லை, கேட்டது குடங்கள். மைக்கேல் கிங்கையும், சின்ன லீகில் அந்த வருஷம் 182 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த ட்ரூ தோர்ப்பையும் ஒன்றாகத் தர யாங்கீஸ் தயங்குகிறார்கள் என்று பல நாள் பேச்சு ஓடியது.

டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்தது. சோட்டோவும், ஃபீல்டிங்கில் தங்கம், பேட்டிங்கில் தகரம் என்று ஆகிவிட்ட ட்ரெண்ட் கிரிஷமும் நியூயார்க்குக்கு. கிங், தோர்ப், பிரிட்டோ, வாஸ்கெஸ் என்று நான்கு பிட்சர்களும் ஹிகாஷியோக்கா என்ற கேட்சரும் சான் டியேகோவுக்கு. போன இருவரின் 2024 சம்பளம் சேர்ந்து 3.65 கோடி டாலர். வந்த இளசுகளில் சிலருக்கு லீகின் குறைந்தபட்சச் சம்பளம், 7.4 லட்சம். அன்றைக்கு பாட்ரேஸ் பட்டியலில் அவுட்ஃபீல்டர் (எல்லைப் பக்கம் நிற்கிற ஃபீல்டர்) என்று பேர் சொல்ல டாட்டிஸும் ஹோசே அசோகாரும்தான் இருந்தார்கள். மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்! சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மேனேஜர் முடிவு அதற்கு முன்பே, நவம்பர் 21-ல் வந்துவிட்டது: ஷில்ட். ஃப்ளாஹர்ட்டி சிகாகோ கப்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த மார்ச்சில் தோர்ப்பை முதன்மைப் பொருளாக வைத்து, சிகாகோ வைட் சாக்ஸிடம் டிலன் சீஸை வாங்கினார் பிரெல்லர். சோட்டோ ஒரு சீசன்; அதற்குப் பதில் கிங் இரண்டு சீசன், சீஸ் இரண்டு சீசன். கிங் 2024-ல் 201 ஸ்ட்ரைக் அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 2.95 ரன். சீஸ் ஜூலையில் வாஷிங்டனுக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தை முடித்தார். பாட்ரேஸ் வரலாற்றிலேயே அது இரண்டாவது. காலியான அவுட்ஃபீல்டில் என்ன செய்தார்கள்? பேட்டருக்கு நெருக்கமான உள்வட்டத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்த 20 வயசுப் பையன் ஜாக்சன் மெரில்லை நடு அவுட்ஃபீல்டில் நிறுத்தினார்கள். கொரியாவின் சியோல் நகரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே நின்றான். 24 ஹோம் ரன் அடித்தான். 10 லட்சம் டாலருக்குத் திரும்பி வந்த ஜூரிக்சன் ப்ரோஃபாரும் 24 அடித்தார்.

அணி 93 ஆட்டம் ஜெயித்தது. முந்தைய வருஷமே ரன் கணக்கு சொல்லிக்கொண்டிருந்த எண்.

ஷில்ட்டுக்கு இதில் எவ்வளவு பங்கு? மெரில்லை நம்பி அங்கே நிறுத்திவைத்தது, இளசுகளை வளர்க்கும் பிரிவிலிருந்து வந்தவருக்கு இயல்பாக வந்த துணிச்சல் என்று நினைக்கிறேன். மெல்வின் செய்திருப்பாரா என்பது சந்தேகம்தான். மற்றபடி நாணயம் பக்கம் மாறியது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு உறுத்தலை மறைக்கக் கூடாது. அக்டோபரில் டாட்ஜர்ஸோடு ஐந்து ஆட்டத் தொடர். மூன்றாம் ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்ஸில் ஆறு ரன் எடுத்து ஜெயித்து, 2-1 என்று முன்னிலை. அந்த ஆறு ரன்னுக்குப் பிறகு 24 இன்னிங்ஸ், ஒரு ரன் இல்லை. நாலாவது ஆட்டம் 0-8. ஐந்தாவது ஆட்டம் நமக்கு விஜயதசமியன்று விடியற்காலை. காபி ஆறிக்கொண்டிருந்தது, டார்விஷ் அருமையாக வீசிக்கொண்டிருந்தார், பாட்ரேஸ் பேட்டர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 0-2. அந்த வரிசையில் இரண்டாவது ஆளாக, மண்ணைத் தேய்த்துத் தலையாட்டுகிற ஒருவர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் கிளீவ்லாந்தில் பத்தாவது இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து யாங்கீஸை உலகத் தொடருக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர்களையும் டாட்ஜர்ஸ்தான் அடித்தது.

ஆனால் அவர் இருந்திருந்தால் கிங்கும் சீஸும் இருந்திருக்க மாட்டார்கள். 24 இன்னிங்ஸ் வறட்சி வர, முதலில் அந்தத் தொடருக்குள் நுழைய வேண்டும். அந்த டிசம்பரில் சோட்டோ 15 வருஷம், 76.5 கோடி டாலருக்கு மெட்ஸில் கையெழுத்து போட்டார். யாங்கீஸுக்கே கையில் நிற்காதவர் சான் டியேகோவில் நின்றிருப்பார் என்று நம்ப எனக்கு மனசில்லை.

ஷில்ட் 2025-லும் 90 ஆட்டம் ஜெயித்தார், முதல் சுற்றிலேயே கப்ஸிடம் தோற்றார், களைத்துவிட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். பிரெல்லர் மறுபடி ஆள் தேடினார். தேர்ந்தெடுத்தது கிரெய்க் ஸ்டாம்மன், அதே அணியில் ஆடிய பழைய பிட்சர். இதற்குமுன் மேனேஜராக ஒரு ஆட்டம்கூட நடத்தியதில்லை.